பதினேழாம் கேள்வி

அமைச்சிலிருந்து வந்த தாள்
மூன்று நாளாய் மேசையில் கிடக்கிறது.
கண் மருத்துவர்களின் பணி நிறைவு பற்றியதாம்.
ஒன்று என்றால் துளியும் இல்லை,
ஐந்து என்றால் மிகவும்.
வட்டமிட்டால் போதும்.

வெளியே நூற்றுப் பன்னிரண்டு எண்கள்.
சுங்கை மெராந்தி மூன்றாம் டிவிசன் வேன்
ஆறரைக்கே இறக்கிவிட்டுப் போன சனம்,
எழுந்தால் வரிசை போய்விடும் என்று
பசியாறக்கூடப் போகாமல்
நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சம்பளம் போதுமா?
மூன்று.
டாக்டர் யோங் போன மாதம்
தலைநகரில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்.
அங்கே வரவேற்பறையில் பியானோ இருக்கிறதாம்,
ஆளில்லாமல் தானே வாசிக்கும் பியானோ.
அவர் நாற்காலியில் இப்போது
பழைய கார்டுகள் உட்கார்ந்திருக்கின்றன.
அவருடைய நோயாளிகள் என் நோயாளிகள்.

கருவிகள்?
புரையை உடைத்து உறிஞ்சும் இயந்திரம்
புரட்டாசியில் மூச்சை நிறுத்தியது.
உதிரிப்பாகம் வருகிறது, வருகிறது,
கடலிலேயே இருக்கிறது.
தைப்பூசமும் வந்துவிட்டது.
நான் பழைய முறையில் கீறித் தைக்கிறேன்,
பத்து நிமிட வேலையை நாற்பது நிமிடம்.
கழுத்தெலும்பு கணக்கு வைத்துக்கொள்கிறது.
இரண்டு.
இல்லை, ஒன்று.
இல்லை,
பழைய முறையிலும் என் கை நல்ல கைதான் என்று
தெரிந்துகொண்டதற்காக
இரண்டே இருக்கட்டும்.

நோயாளிகள் பாராட்டுகிறார்களா?
பவுனம்மா, வயது அறுபத்தெட்டு,
பால் மரம் வெட்டிக் காய்த்த கை.
கட்டவிழ்த்த மறு வாரமே வந்து
நின்றபடி திட்டினாள்:
“என்னா கண்ணு குடுத்தீங்க டாக்டரு?
வீடு பூரா ஒட்டட.
அடுப்பு மேல அவ்ளோ கரி.
ரெண்டு வருசமா மருமவ
ஒரு வார்த்த சொல்லல.
மூணு நாளா தேய்க்கிறேன், இடுப்பு போச்சி.
அடுத்த கண்ண இப்பத் தொறக்காதீங்க,
தீவாளிக்கு முன்ன பாத்துக்கலாம்.”
தாதி ரோஸ்மாவத்திக்குத் தமிழ் பாதிதான் புரியும்,
முழுதாய்ச் சிரித்தாள்.
ஐந்தைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டேன்.

பிறகு ரோஃபிகுல்.
இருபத்து நான்கு வயது.
குலை அறுக்கையில் செம்பனை ஓலை நுனி
வலக்கண்ணில் குத்திப் பதினொரு நாள்.
மண்டோர் கடையில் சொட்டு மருந்து வாங்கித் தந்தாராம்.
பாஸ்போர்ட் முதலாளி பெட்டியில்.
இங்கே வெளிநாட்டாருக்கான கட்டணத்தை
யாரோ விரல் விட்டு எண்ணிக் காட்டியிருக்கிறார்கள்.
கருவிழியில் பூஞ்சை,
பஞ்சு பிய்த்து வைத்ததுபோல், விளிம்பு வரை.
விளக்கை நீட்டி, நம்பாக்? என்றேன்.
நம்பாக், என்றான்.
விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன்.
நம்பாக், என்றான்,
வேலை போய்விடும் என்று.

வியாழக்கிழமை அந்தக் கண்ணை எடுத்தேன்.
சுத்தமாகத்தான் எடுத்தேன், ஒரு பிசிறில்லை.
சுத்தமாக எடுத்தது பற்றி
தாளில் கேள்வி இல்லை.
பதினொரு நாள் பற்றியும் இல்லை.

பதினேழாம் கேள்வி மட்டும் மிச்சம்:
மீண்டும் தேர்வு செய்ய வாய்த்தால்
இதே துறையா?

மாலை ஆறே முக்கால்.
எண்ணெய் ஆலையின் புளித்த வாடை
ஜன்னல் வழியாக வந்து அங்கியில் ஏறுகிறது.
பரிசோதனை விளக்கின் மேசை ஆடுகிறது,
எட்டு மாதமாய் ஆடுகிறது,
நாலு தடவை எழுதிப் போட்டாயிற்று.
தாளை நான்காய் மடித்து
அதன் காலுக்கடியில் செருகினேன்.
ஆட்டம் நின்றது.

கடைசி எண். லாரி ஓட்டுநர் கனகரத்தினம்.
தாடையை இதில் வையுங்கள்,
நெற்றியை ஒட்டுங்கள்,
என் காதைப் பாருங்கள்.
ஒளியைக் கீற்றாகக் குறுக்கினேன்.
கண்மணியைச் சுற்றிய பழுப்பு வளையம்
இழை இழையாய், கலங்காமல்,
சுருங்கி விரிந்தது.
எத்தனை ஆயிரம் பார்த்திருப்பேன்.
தேவைக்கு மேல்
இரண்டு வினாடி பார்த்துவிட்டேன் போலும்.
“ஏதும் கெட்டுப் போச்சா டாக்டர்?” என்றார்.

இல்லை, என்றேன்.
சும்மா.